அயர்லாந்தில் விழுந்த ஒரு போர்க்கால விமானத்தின் வரலாற்றைத் தேடுவது எப்படி

1941 நவம்பர் 30 அன்று வட அயர்லாந்தின் எக்லின்டன் தளத்திலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் விமானம் ஒன்று, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறியதால், எல்லைக்கு அப்பால் டொனகல் மாவட்டத்து இனிஷோவன் தீபகற்பத்தின் சதுப்பு நிலத்தில் பாய்ந்து புதைந்தது. அதன் விமானி ரோலண்ட் உல்ஃப், பிரிட்டிஷ் விமானப்படையில் தாமாகச் சேர்ந்திருந்த அமெரிக்கர். பாராசூட்டில் குதித்து உயிர் பிழைத்த அவர், போரில் நடுநிலை வகித்த தெற்கு அயர்லாந்து அரசின் எல்லைக்குள் இறங்கிய போர்வீரர் என்பதால் கில்டேர் மாவட்டத்துக் கர்ரா முகாமில் அடைக்கப்பட்டார். இந்த ஒரு விபத்துக்கே இரண்டு அரசுகள் தனித்தனியாகத் தாள் எழுதின. விமானத்தை அனுப்பியவர்கள் அது விழுந்ததைப் பார்க்கவில்லை; விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு அது எதற்காகப் பறந்தது என்பது தெரியாது. ஆகவே, போர்க்கால அயர்லாந்தில் ஒரு விமானத்தின் வரலாற்றைத் தேடுவது என்பது, பெரும்பாலும், இந்த இரு தரப்புத் தாள்களையும் அருகருகே வைத்து, நாள், நேரம், இடம், தொடரெண் ஆகிய நான்கும் பொருந்தி வரும் வரை ஒப்பிடும் வேலைதான். அந்த வேலையில் கணிசமான பகுதியை இணையத்திலேயே முடிக்கலாம்.

முதலில் எல்லையையும் காலத்தையும் முடிவு செய்யுங்கள்

உங்கள் கையில் இருப்பது ஒரு பழைய புகைப்படமோ, குடும்பத்தில் சொல்லப்படும் ஒரு கதையோ, வயலில் கிடைத்த அலுமினியத் துண்டோ எதுவாயினும், அது எந்த அரசின் காலத்தைச் சேர்ந்தது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். 1922க்கு முன் தீவு முழுவதும் பிரிட்டனின் கீழ் இருந்தது. 1913 செப்டம்பரில் ராணுவப் பயிற்சிக்காக ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸிலிருந்து லிமெரிக் வரை பறந்து வந்த பிரிட்டிஷ் ராணுவ விமானப் பிரிவின் 2ஆம் படைப்பிரிவின் வரலாறும், முதல் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் பால்டோனல், காலின்ஸ்டவுன், கார்மன்ஸ்டன், டாலா ஆகிய இடங்களில் எழுந்த தளங்களின் வரலாறும் லண்டன் ஆவணங்களில்தான் கிடைக்கும். அதிலும் ஒரு விலக்கு உண்டு. 1918இல் விட்டி தீவு, கார்க் துறைமுகத்து அகடா, வெக்ஸ்ஃபோர்டு, ஃபாயில் கழிமுகம் ஆகிய இடங்களிலிருந்து நீர்மூழ்கிகளை வேட்டையாடிய கடல் விமானங்கள் அமெரிக்கக் கடற்படைக்குச் சொந்தமானவை. அவற்றுக்கு வாஷிங்டனில் தேட வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் என்றால் தீவில் இரண்டு அரசுகள். வடக்கில் ஆறு மாவட்டங்கள் போரில் முழுமையாக ஈடுபட்டிருந்தன. தெற்கில் இருபத்தாறு மாவட்டங்கள் நடுநிலை வகித்து, அந்த ஆண்டுகளை ‘நெருக்கடி நிலை’ என்றே அழைத்தன. தென்பகுதிச் செய்தித்தாள்களில் தேடத் தொடங்குவோர் விரைவில் சலிப்படைவார்கள், ஏனெனில் தணிக்கை அங்கு மிகக் கடுமையாக இருந்தது. வானிலை முன்னறிவிப்பைக்கூட அச்சிட விடவில்லை. செய்தித்தாளில் ஒன்றும் இல்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

இடப் பெயர்கள் மாறியதையும் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்வது நல்லது. காலின்ஸ்டவுன் இன்று டப்ளின் விமான நிலையம். ரினியானா இன்று ஷானன். எக்லின்டன் இன்று டெர்ரி நகர விமான நிலையம். சிடன்ஹாம் இன்று பெல்ஃபாஸ்ட் நகர விமான நிலையம். ஆல்டர்குரோவ் பெல்ஃபாஸ்ட் பன்னாட்டு விமான நிலையம். குயின்ஸ்டவுன் இன்று கோவ். தேடுபெட்டியில் இரண்டு பெயர்களையும் இட்டுப் பாருங்கள்.

நேரமும் இடமும்

தெற்கில் விழுந்த விமானத்துக்கு மிகச் சிறந்த தொடக்கப் புள்ளி, கடலோரக் கண்காணிப்புச் சாவடிகளின் நாட்குறிப்பேடுகள். 1939 முதல் கடற்கரை நெடுகிலும் 83 சாவடிகள் அமைக்கப்பட்டன. முன்வார்ப்பு கான்கிரீட் கட்டிகளால் கட்டிய சிறு அறையில் ஒரு முறைக்கு இருவர் காவல் இருந்து, ஒருவர் தொலைபேசி அருகிலும் மற்றவர் வெளியிலுமாகக் கடலையும் வானையும் பார்த்து, கண்டதையெல்லாம் எழுதி வைத்தார்கள். அந்த ஏடுகளை டப்ளின் ராணுவ ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாக வெளியிட்டிருக்கிறது. ஒரு பதிவில் நேரம், விமானத்தின் வகை, வந்த திசை, போன திசை, உயரம், எவ்வளவு தூரத்தில் தெரிந்தது, யாருக்குத் தொலைபேசியில் சொன்னார்கள் என்பவை இருக்கும். வகையை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். மேகத்துக்கு இடையில் சில நொடிகள் தெரிந்த விமானத்தை அடையாளம் காண்பது எளிதல்ல. திசையையும் நேரத்தையும் நம்பலாம். ஒரே விமானத்தை அடுத்தடுத்த மூன்று சாவடிகள் பார்த்திருந்தால், அந்த மூன்று நேரங்களையும் வரைபடத்தில் கோடாக இணைத்துப் பாருங்கள். விமானி வழி தவறி வட்டமடித்தாரா, நேராக வந்து விழுந்தாரா என்பது அந்தக் கோட்டிலேயே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு சாவடிக்கும் ஓர் எண் உண்டு. போரின் பிற்பகுதியில், வழி தவறிய விமானிகளுக்குத் தாங்கள் எந்த நாட்டின் மேல் பறக்கிறோம் என்பதைத் தெரிவிப்பதற்காக, சாவடி அருகே வெள்ளைக் கற்களால் ‘எய்ரே’ (அயர்லாந்து) என்ற சொல்லையும் அந்த எண்ணையும் தரையில் பெரிதாக எழுதினார்கள். டப்ளினுக்குத் தெற்கே பிரே முனையில் இருந்த 8ஆம் எண் எழுத்துகள், 2018 கோடையில் புதர்கள் தீப்பற்றி எரிந்த பின்புதான் மறுபடி வெளியே தெரிந்தன. வடகோடியான மாலின் முனையில் இன்றும் 80 என்ற எண்ணைக் காணலாம். எந்த ஏட்டைத் திறப்பது என்று குழம்புவோருக்கு இந்த எண்களே வழிகாட்டி.

இனி, பலரையும் தடுமாற வைக்கும் ஒரு சிக்கல். போர்க்காலத்தில் பிரிட்டனும் வட அயர்லாந்தும் 1941 முதல் கோடையில் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்தள்ளி வைத்தன. தெற்கு அயர்லாந்து ஆண்டு முழுவதும் ஒரு மணி நேரம் மட்டுமே முன்தள்ளி வைத்திருந்தது. இதனால் கோடை நாளொன்றில் டொனகல் சாவடிக்காரர் 14:10 என்று எழுதிய அதே கணத்தில் டெர்ரி நகரக் கடிகாரம் 15:10 காட்டியது. போதாக்குறைக்கு, விமானப்படைப் பதிவுகள் சில கிரீன்விச் நேரத்தில் எழுதப்பட்டிருக்கும். அதில் அது 13:10. நான் ஒருமுறை ஒரே விமானத்தை இரண்டு விமானங்கள் என்று எண்ணி மூன்று மாலைகளை வீணாக்கியது இந்த ஒரு மணி நேரத்தால்தான். எந்த ஆவணத்தைத் திறந்தாலும், ஓரத்தில் கிரீன்விச் நேரத்தையும் சேர்த்து எழுதிவிட்டு மேலே செல்லுங்கள்.

இடத்தைக் குறிப்பதிலும் இரு தரப்புக்கும் பழக்கம் வேறு. பிரிட்டிஷ் பதிவு அருகிலுள்ள பெரிய ஊரைச் சொல்லும். அயர்லாந்துக் காவல்துறை அறிக்கையோ டவுன்லாண்ட் எனப்படும் சிறு நிலப்பிரிவின் பெயரைச் சொல்லும். தீவில் இவ்வகைப் பிரிவுகள் அறுபதாயிரத்துக்கும் மேல் உண்டு. ஒரே பெயர் பல மாவட்டங்களில் வரும். ஐரிஷ் எழுத்துக்கூட்டல் ஒன்று, ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறொன்று. அயர்லாந்து அரசின் இடப்பெயர்த் தரவுத்தளத்தில் மாவட்டத்தையும் சேர்த்துத் தேடினால் சரியான இடம் வரைபடத்தோடு கிடைக்கும்.

பிரிட்டிஷ் தரப்புத் தாள்கள்

நாளும் இடமும் கைக்கு வந்த பிறகு, லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குச் செல்லலாம். ‘ஏர் 27’ என்ற தொகுதியில் படைப்பிரிவுகளின் செயற்பாட்டுப் பதிவேடுகளும், ‘ஏர் 28’இல் தளங்களின் பதிவேடுகளும் உள்ளன. பதிவேட்டில் படிவம் 540 மாதத்தின் நடப்பைச் சுருக்கமாகச் சொல்லும். படிவம் 541இல் விமானத்தின் எண், பறந்தவர்களின் பெயர், கிளம்பிய நேரம், திரும்பிய நேரம் ஆகியவை கட்டம் கட்டமாக இருக்கும். திரும்பிய நேரக் கட்டம் காலியாக இருக்கும் வரியைத் தேடுங்கள். போரின் முற்பகுதியில் இறந்தோர், காணாமற்போனோர் பற்றிய கோப்புகள் ‘ஏர் 81’இல் உண்டு.

இவற்றுக்கு அடுத்ததாக, ஒவ்வொரு விமானத்துக்கும் படிவம் 78 என்ற நடமாட்ட அட்டையும், விபத்துக்குப் படிவம் 1180 என்ற அட்டையும் எழுதப்பட்டன. அட்டையில் ‘எஃப்.ஏ.’ என்றிருந்தால் பறக்கும்போது நேர்ந்த விபத்து, ‘எஃப்.பி.’ என்றிருந்தால் சண்டையில் நேர்ந்தது. வகை ‘ஈ’ என்றால் விமானம் முழுவதும் வீண். அந்த வீண் என்ற சொல்லும் பிரிட்டிஷ் கணக்கில்தான் உண்மை. 1941 ஜனவரியில் ஸ்லைகோ மாவட்டத்தில் வந்து இறங்கிய ஹட்சன் விமானம் ஒன்றை அயர்லாந்து விமானப்படை எடுத்துப் பழுது பார்த்து, 91 என்ற எண் கொடுத்துப் பறக்கவிட்டது. வெக்ஸ்ஃபோர்டில் இறங்கிய ஹரிக்கேன் 93 ஆனது. போர் தொடங்கிய காலத்தில் அந்தப் படையிடம் ஒரு கையளவு கிளாடியேட்டர் சண்டை விமானங்கள் தவிர வேறு வலுவான சண்டை விமானமே இல்லாததால், வானிலிருந்து விழுந்ததையும் அவர்கள் வீணாக்கவில்லை. எனவே பிரிட்டிஷ் அட்டை முடியும் இடத்தில் கதை முடிந்தது என்று கோப்பை மூடாமல், அயர்லாந்து விமானப்படையின் தளமான பால்டோனல் பக்கமும் ஒரு முறை பாருங்கள்.

ஜெர்மன் விமானமாக இருந்தால் ஃபிரைபுர்க் ராணுவ ஆவணக் காப்பகத்தில் உள்ள இழப்புப் பட்டியல்களும், அமெரிக்க விமானமாக இருந்தால் அந்நாட்டு விபத்து அறிக்கைகளும் உதவும். அவற்றையும் மேற்சொன்ன முறையிலேயே அயர்லாந்துத் தாள்களோடு ஒப்பிட வேண்டும். 1940 ஆகஸ்ட் 20 அன்று கெர்ரி மாவட்டத்துப் பிராண்டன் மலையில் மோதிய ஃபோக்கெ-வுல்ஃப் காண்டோர் என்ற ஜெர்மன் விமானத்தின் குழுவினர் அனைவரும் பிழைத்தார்கள். அதே மலையில் பின்னர் வேறு விமானங்களும் மோதின. மலையின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் பல விபத்துகள் ஒன்றாகக் கலந்துவிடும்.

வாக்குமூலங்களை எப்படி எடைபோடுவது

அயர்லாந்து ராணுவத்தின் ஜி 2 என்ற உளவுப் பிரிவு, இறங்கிய விமானிகளை விசாரித்து எழுதிய அறிக்கைகள் படிக்கச் சுவையானவை. அதனாலேயே கவனம் தேவை. போர் நடவடிக்கையில் வந்தவரைத்தான் அடைத்து வைப்போம், பயிற்சியில் வழி தவறியவரை அனுப்பிவிடலாம் என்ற போக்கு வளர்ந்த பின், நேச நாட்டு விமானிகள் தாங்கள் பயிற்சிக்குப் பறந்ததாகவே சொல்வது வழக்கமாகியது. கேட்டவர்களும் பல நேரங்களில் அதை நம்பவே விரும்பினார்கள். 1943 ஏப்ரலில் கார்க் மாவட்டத்துக் கிளானகில்டி சதுப்பில் ஒரு குரங்கையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கிய அமெரிக்க பி-17 விமானம், சில வாரங்களில் அங்கிருந்தே பறந்து போக அனுமதிக்கப்பட்டது. எனவே ‘பயிற்சி’ என்ற சொல் அயர்லாந்துத் தாளில் இருந்தால், படிவம் 541இல் அன்றைய பணி என்ன என்று பார்க்காமல் அதை ஏற்க வேண்டாம்.

இரு தரப்பும் பேசி வைத்துக்கொண்டு வெளியில் சொல்லாதவையும் உண்டு. வட அயர்லாந்தில் எர்ன் ஏரியின் காசில் ஆர்ச்டேல் தளத்துப் பறக்கும் படகுகள் (நீரில் இறங்கி ஏறும் விமானங்கள்), டொனகலின் குறுகிய நிலத்துண்டுக்கு மேலாக நேரே அட்லாண்டிக் கடலுக்குச் செல்ல 1941இல் டப்ளின் அரசு அனுமதித்தது. அவ்வாண்டு மே 26 அன்று ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கைக் கண்டுபிடித்த காட்டலினா என்ற பறக்கும் படகு அந்தத் தளத்திலிருந்துதான் கிளம்பியது. அதில் துணை விமானியாக இருந்த லெனார்ட் ஸ்மித் அமெரிக்கக் கடற்படை அதிகாரி. அமெரிக்கா அப்போது போரில் இறங்கியிருக்கவில்லை என்பதால் அவர் இருந்ததை அக்காலத்தில் வெளியே சொல்லவில்லை. இவ்வகை மௌனங்கள் இருக்கும் என்று எதிர்பார்த்தே படியுங்கள்.

விமானம் பெல்ஃபாஸ்டில் செய்யப்பட்டதா?

விமானத்தின் முடிவைத் தேடுவோர் அதன் பிறப்பை மறந்துவிடுகிறார்கள். பெல்ஃபாஸ்டில் விமானம் கட்டும் தொழில் முதல் உலகப் போரிலேயே பெரிய அளவில் நடந்தது. பெர்லினைத் தாக்குவதற்காக வடிவமைத்த ஹேண்ட்லி பேஜ் வி/1500 என்ற நான்கு எஞ்சின் விமானத்தின் முதல் மாதிரிக்கான பாகங்களைச் செய்தது ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் கப்பல் கட்டும் நிறுவனம். மரமும் துணியும் கொண்டு விமானம் கட்டிய அந்நாளில், இறக்கைகளைப் போர்த்தியது பெரும்பாலும் அயர்லாந்தின் லினன் துணிதான். 1936இல் ஷார்ட் பிரதர்ஸ் நிறுவனமும் ஹார்லண்ட் அண்ட் உல்ஃபும் சேர்ந்து ஷார்ட் அண்ட் ஹார்லண்ட் என்ற புதிய நிறுவனத்தைப் பெல்ஃபாஸ்டில் தொடங்கின.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. விமானத்தின் பெயரில் வரும் நிறுவனம் அதை வடிவமைத்தது. கட்டியது வேறொன்றாக இருக்கலாம். பிரிஸ்டல் பாம்பே என்ற பெயரைப் பார்த்துவிட்டு பிரிஸ்டல் நகரில் தேடினால் மாதிரி விமானம் ஒன்று மட்டுமே கிடைக்கும். படைக்குப் போன 50 விமானங்களும் பெல்ஃபாஸ்டில் கட்டியவை, அவற்றின் தொடரெண்கள் எல் 5808 முதல் எல் 5857 வரை. ஹேண்ட்லி பேஜ் ஹெர்ஃபோர்டும் அப்படியே. ஸ்டிர்லிங் கனரகக் குண்டுவீச்சு விமானங்கள் ராச்செஸ்டர், பர்மிங்காம், பெல்ஃபாஸ்ட் உள்ளிட்ட ஊர்களில் தயாராகின. ஆயிரத்துக்கும் மேற்பட்டவை பெல்ஃபாஸ்டைச் சேர்ந்தவை. மொத்தம் 2,300க்கும் மேல் கட்டிய அந்த விமானத்தில் முழுதாக ஒன்றுகூட இன்று இல்லை. சண்டர்லாண்ட் பறக்கும் படகுகளிலும் நூற்றுக்கும் மேல் அங்கே உருவாயின, அவற்றுள் எம்.எல். 824ஐ லண்டன் விமானப்படை அருங்காட்சியகத்தில் நேரில் பார்க்கலாம்.

எனவே தொடரெண்ணைக் கண்டதும், அது எந்த ஒப்பந்தத்தின் கீழ், எந்தத் தொழிற்சாலைக்கு ஒதுக்கியது என்று பாருங்கள். 1940 வரை ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும். அதன் பின் இரண்டு எழுத்துகளும் மூன்று இலக்கங்களும். எதிரி உற்பத்தி அளவைக் கணக்கிட்டுவிடக் கூடாது என்று இடையிடையே எண்களை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள்; ஆகவே முதல் எண்ணைக் கடைசி எண்ணிலிருந்து கழித்து மொத்தத்தைச் சொல்லிவிட முடியாது. குறிப்பேட்டில் தொடரெண்ணை மட்டும் ரோமன் எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். தமிழில் எழுதினால் இரண்டு வேறு எழுத்துகள் ஒரே ‘பி’ ஆகிவிடும்; ‘டி’யிலும் அதே தொல்லை.

1941 ஏப்ரல் 15–16, மே 4–5 ஆகிய இரவுகளில் நடந்த குண்டுவீச்சு பெல்ஃபாஸ்டையும் அதன் துறைமுகத்தையும் கடுமையாகத் தாக்கியது. விமான வேலை நகரில் ஒரே இடத்தில் இருந்துவிடாமல் பல இடங்களுக்குப் பிரிந்தது. பால்மோரலில் கண்காட்சிகள் நடந்த கிங்ஸ் ஹால்கூட விமானப் பட்டறையாக மாறியது. தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவரைத் தேடுவோர் இந்தக் கிளைப் பட்டறைகளையும், பெல்ஃபாஸ்டின் டைட்டானிக் குவார்ட்டர் பகுதியில் உள்ள வட அயர்லாந்துப் பொது ஆவணக் காப்பகத்தையும் விட்டுவிடக் கூடாது.

கையில் ஒரு துண்டு இருந்தால்

துண்டு உலோகத்தில் எண் இருந்தால், அது விமானத்தின் தொடரெண்ணாக இருப்பது அரிது. பெரும்பாலும் பாகத்தின் எண். ‘ஏ.ஜி.எஸ்.’ என்று தொடங்கினால் அது எல்லா பிரிட்டிஷ் விமானங்களுக்கும் பொதுவான ஆணி, மரை போன்றவற்றின் தர எண். அதிலிருந்து ஒன்றும் பெயராது. எஞ்சின் துண்டே நன்றாகப் பேசும். சிலிண்டர்கள் இரண்டு வரிசையாகச் சாய்ந்து நின்றால் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போன்றவற்றின் மெர்லின் எஞ்சினாக இருக்கலாம். வட்டமாக ஒன்பது சிலிண்டர்கள் என்றால் சண்டர்லாண்ட், பாம்பே ஆகியவற்றின் பெகாசஸ் அல்லது ஹட்சன்கள் பலவற்றில் இருந்த சைக்ளோன். பதினான்கு சிலிண்டர்கள் இருந்து, சிலிண்டர் தலையில் வால்வுகளோ அவற்றைத் தள்ளும் கம்பிகளோ இல்லாமல், உள்ளே வழுக்கும் உறை மட்டும் இருந்தால் ஸ்டிர்லிங்கில் இருந்த ஹெர்குலிஸை நினைக்கலாம். அதே பதினான்கு, தள்ளுகம்பிகளோடு இருந்தால் காட்டலினாவின் ட்வின் வாஸ்ப் பக்கம் தேடுங்கள்.

நிலத்தில் இருப்பதை எடுக்கும் எண்ணம் இருந்தால் நில்லுங்கள். வட அயர்லாந்தில், படைப் பணியில் இருந்தபோது விழுந்த விமானம் எதுவும் 1986ஆம் ஆண்டின் ராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தானாகவே பாதுகாக்கப்பட்டது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் ஒரு திருகாணியைக்கூட எடுக்க முடியாது. தெற்கில், தொல்பொருள் தேடுவதற்கு உலோகங்காட்டிக் கருவியைப் பயன்படுத்தவே அனுமதி வேண்டும். நில உரிமையாளரின் சம்மதம் இரு பக்கமும் தேவை. இவை வெறும் சடங்கு அல்ல. 2011இல் இனிஷோவனில் உல்ஃபின் ஸ்பிட்ஃபயரை முறையான அனுமதியோடு தோண்டியபோது, சதுப்பு மண்ணில் காற்றுப் புகாமல் எழுபது ஆண்டுகள் கிடந்த ஆறு பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கிகளும் ஏராளமான தோட்டாக்களும் வெளிவந்தன. அயர்லாந்து ராணுவத்தினர் பழுது பார்த்ததில் ஒரு துப்பாக்கி மறுபடியும் சுட்டது.

விமானத்தோடு இறந்தவர்கள் இருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பட்டியலில் பெயரையும் அடக்கம் செய்த இடத்தையும் பாருங்கள். ஜெர்மானியர்கள் என்றால் விக்லோ மாவட்டத்துக் கிளென்கிரீ கல்லறைத் தோட்டம் முதலில் பார்க்க வேண்டிய இடம். தெற்கில் இறந்த நேச நாட்டு விமானிகள் பலரின் உடல்கள் எல்லையில் ஒப்படைக்கப்பட்டதால், விழுந்த மாவட்டத்தில் கல்லறை இல்லையென்றால் வடக்கிலும் அவர்களின் சொந்த ஊரிலும் தேடுங்கள். கல்லில் உள்ள நாளையும் சாவடி ஏட்டின் நாளையும் ஒப்பிடும்போது ஒரு நாள் வேறுபட்டால், அது நள்ளிரவை ஒட்டிய விபத்தா என்று பார்த்துவிட்டு, மேலே சொன்ன கடிகாரக் கணக்கை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.